அடி திறந்த உறை

போன மாதம் ரப்பர் பால்வெட்டுப் பயிற்சி நிலையத்திலிருந்து இரண்டு இளம் அதிகாரிகள் என் வீடு தேடி வந்தார்கள். பழைய தோட்ட ஊழியர்களுக்கு ஒரு விழா எடுத்தார்களாம். மூட்டுவலியால் நான் போகவில்லை. அதனால் பொன்னாடையை வீட்டுக்கே கொண்டுவந்து போர்த்தி, விழாவில் வழங்கிய சிறு புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். காப்பி குடித்துவிட்டு, அடுத்த மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். நடுப்பக்கத்தில் பால்வெட்டுக் கத்தி உறையின் படம். வாயில் மூங்கில் பிடி, அடியில் தையல் இல்லாமல் திறந்த தோல். இன்றைக்கும் மலையில் எல்லோரும் இடுப்பில் கட்டுகிற அதே உறை. பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் புகைப்படம். கீழே, 'இவ்வுறையை வடிவமைத்துத் தொழிலாளரின் துயர் துடைத்த பெருந்தகை' என்று அச்சிட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை.

துயர் துடைத்தாராம்! பொன்னாடையை உருவி நாற்காலியில் எறிந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டு மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குச் சொல்லாத கதை இது. எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன். அச்சில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் குலசேகரத்துக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்தில் ஆயுதப்புரைக்கு, அதாவது கத்தி கருவிகள் வைக்கிற கொட்டகைக்கு, ரைட்டராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் கோட்டாற்றில் ஒரு இரும்புக் கடையில் மூன்று வருஷம் இருந்தேன். சாணை பிடிக்கப் படித்தது அங்கேதான். படித்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கல்லை நனை, கையை அழுத்தாதே, கூரைக் கண்ணால் பார்க்காமல் விரலால் பார். ரைட்டர் என்று பெயர்தானே தவிர, பேனாவைப் பிடித்ததைவிடச் சாணைக்கல்லைப் பிடித்ததுதான் அதிகம். பால்வெட்டுக்காரர்கள் மதியம் கத்தியைப் புரையில் ஒப்படைப்பார்கள். அந்தியாவதற்குள் எல்லாவற்றையும் நான் தீட்டி வைக்க வேண்டும். விடியும் முன்னே வந்து வாங்கிக்கொண்டு மலையேறுவார்கள்.

ரப்பர் மரத்தைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு புளியிலை கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். அப்போதுதான் பால் வடிந்து சிரட்டையில் விழும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் பச்சையாக ஒரு மெல்லிய தோல் உண்டு. கத்தி அதைத் தொடக்கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். எங்கள் பக்கத்தில் அதற்கு 'முறி' என்று பெயர். முறி விழுந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது. கூரான கத்தி தானாக வழுக்கிக்கொண்டு போகும். மழுங்கின கத்தியை அழுத்தித்தான் ஓட்ட வேண்டும், அழுத்தினால் அது சறுக்கித் தடியில் போய் இறங்கும். ஆகவே முறி என்பது கையின் குற்றமல்ல, கூரின் குற்றம். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் மனம் இல்லை.

அந்தப் புகைப்படத்துத் துரையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கத்த மாட்டார். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் சாட்டையும் வசவுமாக இருந்த காலத்தில், எங்கள் துரை பூனை நடக்கிற மாதிரி நடந்து, மெல்லிய குரலில், தோட்டத்துத் தமிழில் பேசுவார். சட்டைப் பையில் ஒரு சுண்ணாம்புக் கட்டி எப்போதும் இருக்கும். மரம் மரமாகப் பார்ப்பார். முறி கண்டால் அதன்மேல் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி போடுவார். "முறி," என்பார். அடுத்த மரம். "முறி." அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ஆறு பெருக்கல் குறி விழுந்தவரைப் பால்வெட்டிலிருந்து தூக்கிக் களைவெட்டுக்கு அனுப்பிவிடுவார். அட்டைக்கடிக்கு நடுவில் ஒரு மாதம் குனிந்து கிடந்துவிட்டுத்தான் மறுபடி கத்தியைத் தொடலாம். கத்துகிற மனுஷனிடம் மன்றாடலாம், எதிர்த்து இரண்டு வார்த்தை பேசலாம். இவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் மழை விடாமல் பெய்தது. காடு முழுக்க வெள்ளைக் குறியாயிற்று. துரை முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். நான் தீட்டி வைத்திருந்த கத்திகளில் நாலைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னாலேயே முருங்கைக் கொம்பில் சீவிக் காட்டினேன். சுருள் சுருளாக விழுந்தது. துரை தலையை ஆட்டினார். "கத்தி சரி. அப்போ கை சரி இல்லே," என்றார். என் சாணைக்கல்மேல் விழ இருந்த பழி அத்தனை பேர் கையின்மேலும் போய் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தக் கைகளில் ஒன்று மரியசெல்லத்துடையது. கடியப்பட்டணத்துக்காரி. அவள் புருஷனுடைய கால்மேல் கட்டுமரம் ஏறி நசுங்கி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கடலுக்குப் போக முடியாத மனுஷனைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். தோட்டத்து லயத்தில் அவர்களுக்கு ஒரு அறை உண்டு. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை போனால் ஒற்றைக்காலனைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்க வேண்டியதுதான். அந்த மாதம் அவள் மரங்களில் ஐந்து குறி விழுந்திருந்தது.

ஒரு மதியம் கத்தியை ஒப்படைக்க வந்தவள் அதை என் கையில் தரவில்லை. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து என் மேஜையில் தட்டினாள். ஈரமணல், பட்டைத்தூள், இரண்டு பொடிக்கல் விழுந்தன.

"இதப் பாரும் ரைட்டரண்ணே. நீரு வெளுக்க முன்ன பளபளான்னு தாறீரு. மேலக் காட்டுக்கு அரைமணிக்கூறு ஏறணும். தாவுத ஒவ்வொரு சாட்டத்துக்கும் கத்திக்க மூக்கு இந்தக் கல்லுல போயி இடிக்குவு. மொத மரத்துக்குப் போவதுக்குள்ள கூரு செத்துப் போவு. முறி போடுதது நானில்ல, இந்தச் சவத்துப் பைதான்."

கம்பெனி கொடுத்த தோல் உறை அது. கனமான மாட்டுத்தோலைப் பை மாதிரி தைத்திருக்கும். கத்தியின் பாரமெல்லாம் முனையில், முனை கீழே. வெறுங்கையில் கத்தி கொண்டு நடக்கக்கூடாது என்று துரை சட்டம் வைத்திருந்தார், யாரோ வழுக்கி விழுந்து தொடையில் குத்திக்கொண்டதால். ஆகவே உறை கட்டாயம். இரண்டு வருஷமாக நான் தினமும் அந்த உறைகளைக் கையில் வாங்குகிறேன், ஒருநாளும் ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"அதுக்கு என்ன செய்யணும்கிற?" என்றேன்.

"எங்க ஊருல தூண்டில் முள்ள பைக்குள்ள போட்டா வைப்போம்? ஒரு மூங்கிலக் கீறி, முள்ளுக்க கழுத்த அதுல கவ்வ விட்டுத் தூக்கிடுவோம். முனை காத்துல நிக்கும். எதுலயும் முட்டப்படாது. முட்டுன முள்ளுல மீன் நிக்குமா?"

அவ்வளவுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. மறுநாள் அதைச் செய்தே கொண்டுவந்தாள். மூங்கிலில் இரண்டு பத்தைகள் சீவி, உறையின் வாயில் வைத்து, தூண்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கத்தியைச் செருகினால் பத்தைகள் அதன் கழுத்தைக் கவ்வின. முனைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. அதோடு விடவில்லை. உறையின் அடித்தையலை அறுத்துத் திறந்துவிட்டிருந்தாள். எனக்கு அதுதான் புரியவில்லை.

"அடியத் தொறந்து விட்டா கத்திக்கு என்ன காவல்?"

"அடி அடஞ்சிருந்தாத்தான் அண்ணே மண்ணு தங்கும், தண்ணி தங்கும். இப்பம் எல்லாம் தானா கீழ போவும். கத்தி போவாது. கழுத்தத்தான் பிடிச்சிருக்கே."

நான் சும்மா நம்புகிறவனில்லை. ஒரே கல்லில் இரண்டு கத்திகளைத் தீட்டினேன். ஒன்றைக் கம்பெனி உறையில் போட்டு வலது இடுப்பிலும், மற்றதை அவள் உறையில் போட்டு இடது இடுப்பிலும் கட்டிக்கொண்டு மேலக்காடு வரை ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. உச்சியில் ஒரு கழிவு மரத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். கம்பெனி உறைக் கத்தி பட்டையைக் கடித்துப் பிய்த்தது. அவளுடையது, புரையை விட்டு எப்படிப் போனதோ அப்படியே சீவியது. நனைந்துகொண்டே அங்கே நின்று எனக்குள் கணக்குப் பார்த்தேன், இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் களைவெட்டுக்குப் போனார்கள் என்று.

துரையிடம் சொல்வோம் என்றேன். மரியசெல்லம் வேண்டாம் என்று தடுத்தாள். கம்பெனித் தோலில் ஏன் கத்தி வைத்தாய் என்றுதான் அவர் முதலில் கேட்பார், ஒரு மாதம் போகட்டும், முறி இல்லாத மரத்தைக் காட்டிச் சொல்வோம் என்றாள். அவள் சொன்னதே நியாயமாகப் பட்டது. அந்த மாதம் அவள் மரத்தில் ஆறாவது குறி விழவில்லை. அடுத்த மாதம் ஒன்றுகூட இல்லை. விஷயம் லயத்துக்குள் கசிந்தது. ஒவ்வொருவராகப் புரைக்கு வந்து, "ரைட்டரே, எனக்கும் அதுபோல ஒண்ணு" என்று கேட்டார்கள். பத்துப் பேருக்குச் செய்துகொடுத்தேன். மூங்கில் சீவியதும் நான், அடித்தையலை அறுத்ததும் நான், என் கையால், என் புரையில் வைத்து. இந்த வரியை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துரை கண்டுபிடித்தார். முறி குறைந்ததையா? இல்லை. ஒருநாள் வரிசையாக நின்றவர்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே போனவர், ஒரு உறைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தடையில்லாமல் உள்ளே போயிற்று.

பதினொரு உறைகளையும் பிடுங்கி ஆபீஸ் வராந்தாவில் மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். பதினொரு பேரும் முற்றத்தில் நின்றார்கள். நான் பதிவுப் புத்தகத்தோடு மேஜைக்குப் பக்கத்தில்.

"கம்பெனி தோல். கம்பெனி நூல். யார் வெட்டினது?" வழக்கம்போல மெதுவாகத்தான் கேட்டார்.

மரியசெல்லம் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எனக்க உறைய நான்தான் வெட்டினேன் தொரையே. எனக்க மரத்தப் போயிப் பாருங்க. ரெண்டு மாசமா ஒரு முறி உண்டா?"

"மரம் கேக்கலே. உறை கேக்கிறேன். இது ஒண்ணு. பத்து யார்?"

யாரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரும் என்னைப் பார்க்கவுமில்லை. காட்டிக்கொடுக்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு உறை வெட்டினா களைவெட்டு, ஒரு மாசம். பத்து உறை வெட்டினா மலை இறங்கணும். யாரும் சொல்லலே, பதினோரு பேரும் இறங்கணும்."

மரியசெல்லம் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. நான் பேசுவேன் என்று நம்பிக் காத்திருந்தாள், அவ்வளவே. எனக்கு வாய் இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம், குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு மாதம். இதையெல்லாம் காரணமென்று எழுதவே கூசுகிறது. நான் குனிந்து, திறந்திருந்த புத்தகத்தில் வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் குரல் கேட்டது. "எல்லாம் நான்தான் தொரையே. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எழுது," என்றார் துரை என்னிடம். எழுதினேன். 'கம்பெனி உறைகள் பதினொன்றை நாசம் செய்தவள், மற்றவர்களையும் கெடுத்தவள்' என்று அவர் சொல்லச் சொல்ல என் கையெழுத்தில் எழுதினேன். அதன் பிரதி ஒவ்வொன்று சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் போகும். அப்படிப் போனால் மலையில் எந்தத் தோட்டத்திலும் அவளை நிற்கவிட மாட்டார்கள். அந்தப் பிரதிகளையும் நான்தான் எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு.

அன்று மதியமே அவர்கள் இறங்கினார்கள். ஒற்றைக்காலனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். பின்னால் அவள் தலையில் ஒரு மூட்டையோடு போனாள். நான் புரைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கத்தி தீட்டினேன்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மூன்று மாதம் கழித்து மறுபடி காடெல்லாம் வெள்ளைக் குறி. துரை ஒருநாள் என்னை ஆபீசுக்கு அழைத்தார். மேஜையில் மரியசெல்லத்தின் உறை கிடந்தது, அவள் கட்டிய தூண்டில் கயிறுகூட அப்படியே. பக்கத்தில் ஒரு காகிதத்தில் அதைப் பார்த்து அளவுகளோடு படம் வரைந்திருந்தார். படத்துக்குக் கீழே தன் பெயரை எழுதியிருந்தார். இதேபோல எல்லோருக்கும் தைக்கச் சொல்லி ஆர்டர் எழுது என்றார்.

அன்றைக்கு எங்கிருந்தோ கொஞ்சம் தைரியம் வந்தது. "துரை, இது அந்தக் கடியப்பட்டணத்துப் பெண் செய்தது. இதற்காகத்தான் அவளை இறக்கினோம்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல இரண்டு விரலை நீட்டினார். "அது வெட்டினது. இது தச்சது."

வெட்டினால் குற்றம், தைத்தால் கண்டுபிடிப்பு! அடி திறந்திருப்பது இரண்டிலும் ஒன்றுதான். யார் கை திறந்தது என்பதுதான் வித்தியாசம். நாற்பது வருஷமாகிறது, இப்போது எழுதும்போதும் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் செய்தது என்ன? ஆர்டரை எழுதினேன். புது உறை வந்தது. முறி குறைந்தது. துரைக்குக் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, எனக்கு ஹெட் ரைட்டர் பதவி வந்தது. அவர் ஊர் திரும்பிய நாளில் மாலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கடியப்பட்டணம் போனேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். விசாரித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது அவள் மணலில் உட்கார்ந்து மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் ஓலை நிழலில் இருந்து, கீறிய மூங்கிலில் தூண்டில் முள்ளுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார்.

"வாரும் ரைட்டரண்ணே," என்றாள், நேற்றுப் பார்த்தவனைப்போல. "முறி கொறஞ்சிதா?"

எத்தனை கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்! இதை நான் எதிர்பார்க்கவில்லை. குறைந்துவிட்டது என்றேன். துரை தன் பெயரில் உறை செய்ததையும் சொன்னேன்.

"அவருக்க பேருலயா? கொள்ளாம்," என்று சிரித்தாள். பிறகு கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "அந்தப் பத்து இப்பம் ஆருக்க பேருல கெடக்கு?"

நான் அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தேன்.

"எனக்க பேருலதான? நான் ஒண்ணு வெட்டினேன். அது எனக்கது, அதுல எனக்குக் கொறச்சல் ஒண்ணும் இல்ல. செய்யாத பத்துக்கு ஒரு மலை முழுக்க எனக்கு வாசலடச்சிப் போட்டீரு. பேரும் புகழும் தொரை கொண்டுபோவட்டும் அண்ணே. அந்தப் பத்த மட்டும் எனக்க பேருலருந்து எடுத்துரும்."

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தோட்டத்துக்குத் திரும்பிப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அடித்து எழுதினால் அடித்தது யார் என்று கேட்பார்கள். மூடி வைத்தேன். ஓய்வு பெறுகிறவரை அந்தப் புத்தகம் என் அலமாரியில்தான் இருந்தது.

மரியசெல்லம் இப்போது இல்லை. மகள் அதே ஊரில் இருக்கிறாள். துரையைப் பழிப்பதற்கு என்ன யோக்கியதை உனக்கு என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனாலும் பழிப்பேன். அவர் செய்தது அநியாயம், நான் செய்தது அதைவிடக் கேவலம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

மலர்க் குழுவினருக்கு ஒரு வார்த்தை. அந்த நடுப்பக்கத்தைத் திருத்துங்கள். படத்துக்குக் கீழே கடியப்பட்டணம் மரியசெல்லம் என்று போடுங்கள். திருத்தி அச்சிட்டால், நீங்கள் போர்த்திய பொன்னாடையை அவள் மகளிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இல்லாவிட்டால் உங்கள் விலாசத்துக்கே தபாலில் வரும்.

அந்த வராந்தாவில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பதில் தெரிந்தவன் பதில் சொல்லவில்லை. அதையும் அச்சில் போட்டுவிடுங்கள், அவள் பெயருக்குக் கீழேயே.

பத்தும் நான்தான், துரையே.